ரிப்பனுக்கு ஒரு குடை

கோணமலை மறைந்தால் மழை வரும்.

உப்புவெளிக் கடற்கரையில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஐந்தாம் வகுப்பு யன்னலால் எட்டிப் பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் கோணமலை நிற்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் பிள்ளைகளின் ஒரு கண் கரும்பலகையில் இருக்கும், மற்றக் கண் மலையில் இருக்கும். முதலில் மலை உச்சியில் இருக்கும் கோயில் மறையும். பிறகு மலையே மறையும். அதன் பிறகு, ஏழாம் வாய்பாட்டை மூச்சு விடாமல் சொல்லி முடிப்பதற்குள், தகரக் கூரையில் முதல் துளி 'டங்' என்று விழும்.

அதோடு பாடம் முடிந்தது. அதாவது, பாடம் நடக்கும், கேட்காது. தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் டீச்சரின் வாய் மட்டும் அசையும். கண்ணாடித் தொட்டிக்குள் மீன் கதைப்பதுபோல இருக்கும்.

அந்த வகுப்பில் மழைக்கு ஆளுக்கொரு குணம் உண்டு. புதுக் குடை வாங்கியவர்களுக்கு அடிக்கடி வெளியே போகும் தேவை வரும். மழைக்கோட்டு வைத்திருப்பவர்கள் அதை வகுப்புக்குள்ளேயே போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகுவார்கள். றுவைஸ் எழுந்து நின்று, மிகப் பணிவான முகத்தோடு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பான். காதில் ஒன்றும் விழாத டீச்சர், பிள்ளை பாடத்தில்தான் ஏதோ சந்தேகம் கேட்கிறான் என்று நினைத்துத் தலையாட்டுவார்.

"டீச்சர் ஓம் எண்டிட்டா" என்று சொல்லிவிட்டு றுவைஸ் புத்தகப் பையைத் தோளில் மாட்டுவான். ஒவ்வொரு மழைக்கும் அதே பகிடிதான். ஒவ்வொரு மழைக்கும் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

அதே வகுப்பில் படிக்கும் சிவரூபிக்கும் மழை பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூட முற்றம்.

வாசல் கேற்றுக்கும் வகுப்பறைகளுக்கும் நடுவே நீண்டு கிடந்தது அந்த முற்றம். வெயில் காலத்தில் அது மண். மழைக் காலத்தில் அது குளம். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி ஒரு பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வகுப்புக்குப் போவார்கள். சிவரூபி தன் சப்பாத்தையும் தம்பியின் சப்பாத்தையும் ஒரு கையில் தூக்குவாள். மற்றக் கையால் தம்பியைப் பிடித்துக்கொள்வாள். தம்பி பிரவீனனுக்கு வயது ஆறு. அவன் நடக்கும்போது தண்ணீர் அவனுடைய காற்சட்டையைத் தொடும். பிறகு பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் அந்த ஈரத்திலேயே இருப்பான்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் அந்தக் கட்டடத்தைக் கட்டினார்கள். கேற்றடியிலிருந்து வகுப்பறை வரைக்கும் நீளமாக, உயர்த்திப் போட்ட சீமெந்து நிலம், இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர், மேலே புதுத் தகரம். அதற்கு 'மாணவர் மழைக்கால நலன்புரி நடைக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப்பலகையில் எழுத இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தும் சிறுத்துப் போயின. பிள்ளைகள் அதை நீளக் கொட்டில் என்றார்கள்.

நீளக் கொட்டில் கட்டி முடிந்து எவ்வளவோ நாளாயிற்று. மழையும் தொடங்கிவிட்டது. ஆனால் பிள்ளைகள் இன்னும் சப்பாத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டிலுக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள்ளேதான் நடந்தார்கள். ஏனென்றால் கொட்டில் இன்னும் திறக்கப்படவில்லை.

அதிபர் தனஞ்சயன் சேர் நல்ல மனிதர். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தானே சைக்கிளில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவார். அவருக்கு இருந்த ஒரே வருத்தம் விழாக் காய்ச்சல்தான். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் பூட்டியபோது அதற்கு விழா எடுத்தார். குப்பைத் தொட்டி வைத்தபோது அதற்கும் எடுத்தார். முதல் குப்பையைப் போடுவதற்காக ஒரு விருந்தினர் மாலையோடு வந்தார். அந்தக் குப்பையை அவரிடம் வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

ஆகவே நீளக் கொட்டிலைச் சும்மா திறந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. வகுப்பறைப் பக்க வாசலில் மேசைகளை அடுக்கி அடைத்தார். கேற்றுப் பக்க வாசலில் ஒரு கயிறு கட்டினார். ஒருநாள் றுவைஸ் சுவரால் ஏறி உள்ளே குதித்தான். பிடித்துக்கொண்டுபோய் அதிபர் முன்னால் நிறுத்தினார்கள்.

அதிபர் அவனுக்கு அடிக்கவில்லை. விளங்கப்படுத்தினார். திறக்காத கட்டடத்துக்குள் ஆட்கள் போய் வந்தால் அது திறந்த கட்டடம் ஆகிவிடும். திறந்த கட்டடத்தை ஒரு பெரிய மனிதர் வந்து எப்படித் திறப்பார்?

றுவைஸ் யோசித்தான். "அப்ப நாங்க நனையிறது ஆருக்காக, சேர்?"

இந்தக் கேள்விக்கு அதிபரிடம் பதில் இருந்திருக்கும். அதற்குள் மணி அடித்துவிட்டது.

ஒருவழியாகப் பிரதம விருந்தினர் நாள் கொடுத்தார். காலைக் கூட்டத்தில் அதிபர் அவருடைய பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மாமணி என்று ஒன்று, செம்மல் என்று ஒன்று, ஒளி, சுடர், தூண், கொடை என்று வேறு. வாசித்து வாசித்து மூச்சு வாங்கி, பெயருக்கு வரும்போது குரல் இறங்கிவிட்டது; ஒருவருக்கும் பெயர் கேட்கவில்லை.

"இத்தனை பேருக்கும் கதிரை காணுமா?" என்று றுவைஸ் சிவரூபியிடம் மெல்லக் கேட்டான்.

விழாவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம் இருந்தது. அவர்களுடைய வகுப்பு டீச்சர் சுபைதா டீச்சர். அவர் பெண்பிள்ளைகளைப் பூக்களாக்கினார், ஆண்பிள்ளைகளை வண்ணத்துப்பூச்சிகளாக்கினார். ஒரே ஒரு பிள்ளையைச் சூரியனாக்கினார். அந்தச் சூரியன் பிரவீனன்.

பிரவீனன் இதற்கு முன்னால் ஒருமுறை மேடை ஏறியிருக்கிறான். முன்பள்ளி விழாவில் அவனுக்கு மரம் வேஷம். மரம் கதைக்காது. விழா முழுக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கி வந்தான். இந்தமுறை அவனுக்குச் சொல்ல ஒரு வசனம் இருந்தது.

"நானே சூரியன். உங்கள் எல்லாரையும் அன்போடு வரவேற்கிறேன்."

வீட்டில் அவன் வரவேற்காத ஆள் இல்லை. கடலால் வந்த அப்பாவை வரவேற்றான். மீன் வாங்க வந்தவர்களை வரவேற்றான். பூனையை வரவேற்றான். குசினி வாசலில் நின்றுகொண்டு, சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவை வரவேற்றான். பாயில் படுத்த பிறகும் இருட்டுக்குள் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சூரியன் இப்ப மறையிற நேரம்" என்று அப்பா சொன்ன பிறகுதான் வாய் ஓய்ந்தது.

சூரிய உடுப்பைச் சிவரூபியும் அம்மாவும் சேர்ந்து செய்தார்கள். கடையில் வாங்கிய பிஸ்கட் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வைத்தார்கள். முன்பக்க அட்டையைச் சுற்றி மஞ்சள் கிறேப் தாளைச் சுருக்கிச் சுருக்கிக் கதிர்களாக ஒட்டினார்கள். பின்பக்கத்துக்கு வரும்போது தாள் முடிந்துவிட்டது. அதனால் சூரியன் முன்னால் பார்த்தால் தகதக என்று இருந்தது, பின்னால் பார்த்தால் பிஸ்கட் பெட்டியாகவே இருந்தது.

"எந்தக் காரணம் கொண்டும் திரும்பாதை" என்று சிவரூபி தம்பிக்குச் சொல்லி வைத்தாள். "இன்னொண்டு. இது நனையக் கூடாது. கிறேப் தாள் நனைஞ்சால் சாயம் போயிடும்."

"நனைஞ்சால் நான் என்னவா ஆவன்?"

சிவரூபி யோசித்தாள். "ஈர பிஸ்கட்."

அவன் சிரித்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி யன்னலால் வானத்தைப் பார்த்துவிட்டு, ஒருவேளை மழை வந்தால் என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டான். மழை வந்தாலும் நீ உன்ர வசனத்தைச் சொல்லாமல் இறங்க மாட்டாய், அதுக்கு நான் பொறுப்பு என்று அவள் சொன்னாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டாள்.

விழா நாள் காலை வெயில் எறித்தது. சிவரூபி பெரிய பையொன்றில் சூரியனைக் கொண்டுவந்து, கேற்றடியில் வைத்துத் தம்பிக்குப் போட்டுவிட்டாள். ஏற்கனவே பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் அங்கே வரிசையாக நின்றன. மற்ற வகுப்புப் பிள்ளைகள் பின்னால் நின்றார்கள். பெற்றோர் சிலர் ஓரமாக நின்றார்கள். எல்லாரும் நீளக் கொட்டிலுக்கு வெளியே, வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே நிரையாகக் கதிரைகள் போட்டிருந்தன. அதில் ஒருவரும் இருக்கவில்லை.

வாசலுக்குக் குறுக்கே, கயிறு கட்டியிருந்த இடத்தில், இப்போது சிவப்பு ரிப்பன் ஒன்று மினுங்கியது. அதிபர் அதை இரண்டு தரம் அவிழ்த்து உயர்த்திக் கட்டுவித்திருந்தார். முதலில் அது இடுப்பளவில் இருந்தது. பிரதம விருந்தினர் குனிந்து வெட்டுவது மரியாதையில்லை என்று நெஞ்சளவுக்கு ஏற்றினார்கள். விருந்தினர் உயரமான ஆள் என்று யாரோ சொன்னதும் கழுத்தளவுக்குப் போய்விட்டது. பக்கத்தில் ஒரு மேசை. அதில் வெள்ளித் தட்டு. தட்டில் பட்டுத்துணி. துணிக்கு மேல் பொன்னிறக் கத்தரிக்கோல்.

விருந்தினர் வரவில்லை. சந்தியில் திரும்பிவிட்டார் என்று செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சந்தியில் திரும்பிவிட்டார் என்று செய்தி வந்தது.

"அந்தச் சந்தியிலயே சுத்திக்கொண்டு நிக்கிறார் போல" என்றான் றுவைஸ்.

சிவரூபி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணமலையின் உச்சியில் கோயில் இல்லை.

அவள் வரிசையை விட்டு விலகிப்போய்ச் சுபைதா டீச்சரின் சேலையைத் தொட்டாள். "டீச்சர், மலை மறையுது. சின்னப் பிள்ளையளின்ர உடுப்பெல்லாம் தாள்."

சுபைதா டீச்சர் கடலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நேரே அதிபரிடம் போனார். அவர்கள் கதைத்தது சிவரூபிக்கு நன்றாகவே கேட்டது. பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுபோகட்டுமா என்று டீச்சர் கேட்டார். முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது, நடுவில் போகும்போதே நனைந்துவிடுவார்கள், அதோடு விருந்தினர் வரும் நேரத்தில் வரவேற்க ஆள் இல்லாமல் போய்விடும் என்று அதிபர் சொன்னார். அப்படியென்றால் கொட்டிலுக்குள் விடலாமா என்று டீச்சர் கேட்டார்.

அதிபர் அதிர்ந்து போனார். "திறக்க முதலா?"

"மழை வரப் போகுது, சேர்."

அதிபர் கையில் இருந்த நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தார். "மழை இதில இல்லையே, டீச்சர்."

மழைக்கு அந்த விஷயம் தெரியாது. மலை முழுவதும் மறைந்தது. கடல் சாம்பல் நிறமாயிற்று. பின்வரிசைப் பிள்ளைகள் பழக்கத்தில் ஏழாம் வாய்பாடு சொல்லத் தொடங்கினார்கள். பாதியில், கொட்டிலின் புதுத் தகரத்தில் 'டங்' என்று ஒரு சத்தம்.

முதல் துளிகள் பெரியவை. ஒன்று ஒரு தாமரையின் தலையில் விழுந்தது. ஒன்று சூரியனின் மேல் விழுந்தது. ஒரு கதிரிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு கிளம்பி, பிரவீனனின் வெள்ளைச் சட்டை வழியாக மெதுவாகக் கீழே இறங்கியது. அவன் அழவில்லை. மூச்சைக்கூட விடாமல் நின்றான். விட்டால் மற்றக் கதிர்களும் போய்விடும் என்று நினைத்தான் போல.

"அக்கா" என்றான் மெல்ல. "நான் கரையிறன்."

பொறுப்பு என்று சொன்னவள் சிவரூபிதான். சுற்றிப் பார்த்தாள். பூக்கள் விம்மத் தொடங்கியிருந்தன. பெற்றோர் தங்கள் தங்கள் பிள்ளைக்கு மேல் கைக்குட்டையும் சேலைத் தலைப்பும் பிடித்தார்கள். காலை வெயிலை நம்பி மற்றவர்கள் குடை கொண்டுவரவில்லை; அந்த இடத்தில் விரித்த குடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அதிபருடைய பெரிய கறுப்புக் குடை. அவர் நனைந்துகொண்டே அதை நீட்டிப் பிடித்திருந்தார்.

ரிப்பனுக்கு மேல்.

சிவரூபி குடையைப் பார்த்தாள். பிறகு ரிப்பனைப் பார்த்தாள். ரிப்பன் அதிபரின் கழுத்தளவில் இருந்தது. பிறகு தம்பியைப் பார்த்தாள். தம்பி அதிபரின் இடுப்பளவில் இருந்தான்.

அவள் அதிபரிடம் போனாள். "சேர், ரிப்பனை வெட்டக் கூடாது. அவ்வளவுதானே?"

"வெட்டவும் கூடாது, தொடவும் கூடாது, பிள்ளை. அது விருந்தினருக்கு."

"சரி, சேர்."

அவள் பிரவீனனின் கையைப் பிடித்தாள். அவனை ரிப்பனுக்குக் கீழாலே நடத்திக்கொண்டு உள்ளே போனாள். பிரவீனன் தலையைக்கூடச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. சிவரூபி மட்டும் கொஞ்சம் சாய்த்தாள். ரிப்பன் அசையவே இல்லை.

பூக்கள் பார்த்தன. வண்ணத்துப்பூச்சிகள் பார்த்தன. பிறகு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில் போல, எல்லாம் கீழாலே உள்ளே போயின. அவர்களுக்குப் பின்னால் மற்ற வகுப்புகள் போயின. பெரிய பிள்ளைகள் முழங்காலை மடித்துக் குனிந்து போனார்கள். றுவைஸ் தேவைக்கு மேல் குனிந்து, தவழ்ந்தே போனான். ஒருவரும் ரிப்பனைத் தொடவில்லை. தொட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

அதிபர் வாயைத் திறந்து என்னவோ சொன்னார். ஆனால் அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. புதுத் தகரத்தின் சத்தத்தில் அவருடைய வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. றுவைஸ் உள்ளே நின்று அவரைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டினான்.

"சேர் ஓம் எண்டிட்டார்" என்று எல்லாருக்கும் சொன்னான்.

பெற்றோரும் குனிந்து வந்தார்கள். கடைசியாகச் சுபைதா டீச்சர் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்ததும் சிவரூபியின் தலையில் கை வைத்தார்.

வெளியே மிஞ்சியது மேசை, தட்டு, கத்தரிக்கோல், அதிபர், ரிப்பன், குடை.

அந்த நேரம் பார்த்துத்தான் வாகனம் வந்தது. கேற்றடியில் பள்ளத்து நீரில் நின்றது. வெள்ளை உடுப்போடு உயரமான ஒருவர் இறங்கினார். கடல்பக்கம் இருந்து காற்று ஒருதரம் வீசியதில் அவருடைய குடை பூப்போல மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. அதை மடக்கவும் முடியாமல், எறியவும் மனமில்லாமல், அவர் வாசலுக்கு ஓடி வந்து ரிப்பனுக்கு முன்னால் நின்றார்.

அதிபருக்குப் பெரிய சங்கடம். இருப்பது ஒரு குடை. அதை விருந்தினருக்குப் பிடித்தால் ரிப்பன் நனையும். ரிப்பனுக்குப் பிடித்தால் விருந்தினர் நனைவார். குடை இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது, மறுபடி வந்தது. கடைசியில் இரண்டு பேரும் சமமாக நனைந்தார்கள். இதற்கிடையில் அதிபர் வரவேற்புரையையும் தொடங்கிவிட்டார். மாமணி, செம்மல், ஒளி, சுடர் என்று ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு வாளி தண்ணீர் விருந்தினரின் தலையில் விழுந்தது.

பிறகு அதிபர் பொன்னிறக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். பார்ப்பதற்கு அழகான கத்தரிக்கோல். அதற்காகத்தான் அதை வாங்கியிருந்தார்கள். விருந்தினர் ரிப்பனில் வைத்து அழுத்தினார். நனைந்த ரிப்பன் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து உட்கார்ந்துகொண்டது. இழுத்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி மடிந்தது. அதிபர் ரிப்பனின் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்தார். அப்படியும் அது வெட்டுப்படவில்லை.

உள்ளே உலர்ந்த இடத்தில் கதிரைகளில் இருந்தபடி பள்ளிக்கூடமே இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சில பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். சிவரூபிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு விருந்தினரின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் தண்ணீர் ஓடி, ஒன்றும் தெரியாமல், அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். முற்றத்துத் தண்ணீரில் நடந்துவந்த பிறகு பிரவீனன் வகுப்பு வாசலில் இப்படித்தான் நிற்பான்.

அவள் தம்பியின் காதில் குனிந்தாள். "உன்ர வசனத்தை இப்ப சொல்லு."

"நடனம் தொடங்கேல்லையே."

"பரவாயில்லை. பலமாச் சொல்லு. நீ சொல்லாட்டி அவர் வர மாட்டார்."

பிரவீனன் எழுந்தான். ஒரு கதிர் மட்டும்தான் சாயம் போயிருந்தது. மற்றவையெல்லாம் தகதகவென்று இருந்தன. வாசலுக்குப் போய், ரிப்பனுக்கு நேர் கீழே, மழை தெறிக்காத இடமாகப் பார்த்து நின்றான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். பூனையிடமும் அப்பாவிடமும் இருட்டிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல், தகரத்துச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"நானே சூரியன். உங்கள் எல்லாரையும் அன்போடு வரவேற்கிறேன்."

பிரதம விருந்தினர் கத்தரிக்கோலை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். கொட்டும் மழைக்குள் தனக்கு முன்னால் ஒரு சூரியன் நிற்பதைப் பார்த்தார்.

வசனம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் இன்னும் வரவில்லை. ஆகவே சூரியன் தானாக ஒரு வசனத்தைச் சேர்த்துக்கொண்டான். "குனிஞ்சு வாங்கோ. தொடக் கூடாது."

அந்தப் பெரிய மனிதர் முதலில் ரிப்பனைப் பார்த்தார். பிறகு அதிபரைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கவனமாகக் குனிந்து, ரிப்பனுக்குக் கீழாலே உள்ளே வந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் கைதட்டல் என்று போட்ட இடம் அதுவல்ல. ஆனாலும் நிற்கவே இல்லை.

சுபைதா டீச்சர் ஒரு துவாயைக் கொடுத்தார். விருந்தினர் தலையைத் துடைத்துக்கொண்டு, சூரியனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"நீங்கள் ஆர்?" என்று சூரியன் கேட்டான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நெடுநாள் ஆகியிருக்க வேண்டும். "நான் அன்ஸார்."

"அவ்வளவுதானா?"

"என்னைப் பெத்த உம்மா வச்ச பேர் அவ்வளவுதான்" என்றார் அவர்.

சிவரூபி வாசலைப் பார்த்தாள். தனஞ்சயன் சேர் இன்னும் வெளியேதான் நின்றார். குடை கையில் இருந்தது. அதை யாருக்குப் பிடிப்பது என்று தெரியாமல், ரிப்பனுக்கும் தனக்கும் நடுவே, வெறும் மழைக்குப் பிடித்திருந்தார். தலைமயிர் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. காய்ச்சல் வந்த பிள்ளைபோல இருந்தார்.

அவள் எழுந்து ரிப்பனடிக்குப் போனாள். "சேர், நீங்களும் வாங்கோ."

"என்னெண்டு வாறது, பிள்ளை" என்றார் அதிபர் பாவமாக. "இது இன்னும் திறக்கப்படேல்லை."

"ஓம், சேர். ஒருத்தரும் திறக்கேல்லை. நாங்கள் மழைக்கு ஒதுங்கித்தான் நிக்கிறம். நீங்களும் ஒதுங்குங்கோ."

அதிபர் யோசித்தார். இதில் பிழை எங்கே என்று தேடினார். ஒரு பிழையும் அகப்படவில்லை. குடையை மடித்தார். ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் குனிந்தார். அவருக்குக் குனிந்து பழக்கமில்லை. பாதியில் சிக்கிக்கொண்டார். சிவரூபி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அதன் பிறகு பூக்கள் ஆடின. வண்ணத்துப்பூச்சிகள் ஆடின. தகரத்துச் சத்தத்தில் பாட்டு ஒருவருக்கும் கேட்கவில்லை. அதனால் ஆளுக்கொரு பாட்டுக்கு ஆடினார்கள். ஆடும் உற்சாகத்தில் சூரியன் அக்கா சொன்னதை மறந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான்.

"சூரியனுக்குப் பின்னால இப்பிடி ஒரு விசயம் இருக்கா?" என்று அன்ஸார் அவனைக் கேட்டார்.

"முன்னுக்குத்தான் சூரியன்" என்றான் பிரவீனன். "பின்னுக்கு பிஸ்கட்."

அன்ஸார் தன் உரையை எடுத்தார். நாலைந்து தாள்கள். மேலே தகரத்தைப் பார்த்தார். மறுபடி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியங்களில் அதுவே மிகப் பெரியது என்று றுவைஸ் இன்றைக்கும் சொல்கிறான்.

மறுநாளே வகுப்பறைப் பக்க வாசலில் அடுக்கியிருந்த மேசைகளை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் சப்பாத்தோடு, காற்சட்டை நனையாமல், நீளக் கொட்டிலுக்குள்ளாலே வகுப்புக்கு நடந்தார்கள். ஆனால் கேற்றுப் பக்க வாசலில் ரிப்பன் அப்படியே கிடந்தது. வெட்டாத ரிப்பனை அவிழ்ப்பது முறையா, இல்லையா என்று அதிபரால் முடிவெடுக்க முடியவில்லை. அதனால் எல்லாரும் அந்த இடத்தில் குனிந்தே போய் வந்தார்கள். பிறகு ஒருநாள் அடித்த காற்றில் ரிப்பன் பறந்து கடலுக்குப் போய்விட்டது.

ரிப்பன் போனாலும் பழக்கம் போகவில்லை. இப்போதும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் நீங்கள் பார்க்கலாம். கேற்றடியில் ஒன்றுமே இல்லாத ஒரு வாசலில் டீச்சர்மார் குனிகிறார்கள். பெற்றோர் குனிகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று தெரியாமல் தாங்களும் குனிகிறார்கள். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் நிமிர்ந்து நடக்கிறார்கள்.

எல்லாரையும்விட நன்றாகக் குனிகிறவர் தனஞ்சயன் சேர்தான். வெயில் நாளிலும்கூட.